எச்சில் விரல்

அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில், பால் வெட்டும் பெண்களின் கூலியை நேராக வங்கிக் கணக்கில் போடும் மென்பொருளை அமைக்கப் போயிருந்தேன். மேனேஜர் சலவை வேட்டியும் சந்தன வாசனையுமாக இருந்தார். நோட்டு எண்ணிய பழக்கத்தில், தொடுதிரையைக்கூட விரலை நக்கிவிட்டுத்தான் தொடுவார்.

“அப்போ இனி அவளுவ எனக்க முன்னால வந்து நிக்கண்டாமா?”

“வேண்டாம் சார். பணம் ஏறினதும் போனுக்கு மெசேஜ் வந்துரும்.”

“நிக்கணும். நின்னாதான் ஒரு பயம் இருக்கும்.”

முதல் சம்பள நாளில் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் அலுவலக வாசலில் பழைய வரிசை நின்றது. மெசேஜை அவரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். ஒவ்வொருத்தியின் போனையும் வாங்கி, விரலை நக்கி, கீழே தள்ளித் தள்ளி, மற்ற மெசேஜ்களையும் நிதானமாகப் படித்தார்.

அவர் கண் முன்னால் ஒருத்தியும் போனைத் துடைக்கவில்லை. படியிறங்கிய பிறகுதான் முந்தானையை எடுத்தார்கள்.