நெஃப்ரோ, லித், ஆட்டமி

1. காலை ஏழரைக்குப் புதிய பயிற்சிப் பெண் ஆபரேஷன் பட்டியலை வாசித்தாள்.
2. ஒரு நீளச் சொல்லின் நடுவை விழுங்கினாள்.
3. "நிறுத்து!" என்று கத்தினேன்.
4. வார்டே திரும்பிப் பார்த்தது.

நான் கத்துகிற ஆளில்லை, உங்களுக்குத் தெரியும். இப்போது இருப்பது திருப்பதி ஆஸ்பத்திரி. ஆனால் கார்பாலிக் மருந்து வாடையோடு ஒரு அசை விழுங்கப்பட்டால் எனக்குச் சித்தூரின் பழைய வார்டு நினைவுக்கு வந்துவிடும். ஆந்திர ராஜ்யம் பிறந்த புதிது. நான் நர்ஸானதும் புதிது. பெரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதி, கோடு போட்டுத் துண்டாக்கி மனப்பாடம் செய்வேன். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளர் வந்திருந்தார். சிறுநீரகத்தில், ஊர்ப் பேச்சில் குண்டிக்காயில், கல் அடைத்துக் காய்ச்சல். வாரம் ஒருமுறை திருப்பதியிலிருந்து வரும் சர்ஜன் அன்று வந்திருந்தார். அன்று தவறினால், அடுத்த வாரம் வரை அந்தச் சிறுநீரகம் தாங்காது. நான் பட்டியலை வாசித்தேன். நெஃப்ரோலித்தாட்டமி என்பது நாக்கில் மடங்கி, 'நெஃப்ரெக்டமி' என்று வெளியே வந்தது.

பக்கத்துக் கட்டில் நோயாளி ஒரு பழைய கம்பவுண்டர். "அப்படின்னா குண்டிக்காயையே எடுத்துடறதும்மா" என்றார், நெசவாளரின் மனைவியிடம்.

அந்த அம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். தட்டு, லோட்டா, போர்வை எல்லாம் மூட்டைக்குள் போயின. "எயுந்திரு. பஸ்ஸு கீது" என்றாள் கணவரிடம்.

"தப்பு என்னுதுக்கா." விரல் மடக்கிச் சொன்னேன். "நெஃப்ரோன்னா குண்டிக்காய். லித்துன்னா கல்லு. ஆட்டமின்னா அறுக்கிறது. கல்லை மட்டுந்தான் எடுப்பாங்க."

"பேரையே மூணா அறுக்கிறியே, உள்ள எத்தினியா அறுப்பீங்க?"

கம்பவுண்டர் சிரித்தார். சர்ஜன் வாசலுக்கே வந்து இன்னும் ரெடியாகவில்லையா என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார்: "ஏமம்மா, இன்கா ரெடி காலேதா?"

அந்த அம்மாள் அவரைக் கை காட்டினாள். "அவரு வாயால சொல்லட்டும். நீ சும்மா இரு."

சர்ஜன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆபரேஷன் பேரைக் கடைசி எழுத்தை நீட்டிச் சொன்னார். அவள் உதட்டை அசைத்து விரல் மடக்கினாள். ஒன்று. இரண்டாவது விரல் பாதியில் நின்றது.

"இன்னொரு வாட்டி."

சொன்னார்.

"நடுவுல கல்லு கீது" என்று, சம்மதத் தாளில் ரேகை வைக்கப் பெருவிரலை மைக்கு நீட்டினாள்.

கல் வெளியே வந்தது. இரண்டு சிறுநீரகத்தோடும் அவர் தறிக்குத் திரும்பினார். பிறகு எல்லைத் தகராறு தீர்ந்து பள்ளிப்பட்டு மதராஸ் ராஜ்யத்துப் பக்கம் போயிற்று; அந்த ஊர்க்காரர்கள் வருவதும் நின்றது. இப்போதும் தினம் நாலைந்து பேரிடம் ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்குகிறேன். யாரும் அந்தப் பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை, விரலை நீட்டிவிடுகிறார்கள்.