திரைக்கு முதுகு காட்டிய அசனார்

கோட்டாற்றில் கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டிய காலத்தில், திரையருகே நின்று கதை சொல்வது அசனாரின் வேலை. வெள்ளைக்காரத் துரையும் துரைசானியும் உதட்டோடு உதடு வைத்தால் தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். கிறிஸ்தவ சபையின் உபதேசியார் தலைகுனிவார். எழுந்து மட்டும் போகமாட்டார். அசனார் அசராமல் கதையைத் தொடர்வார். அவர் அசந்தது ஏசுவின் படம் வந்தபோதுதான்.

"முத்தத்துக்குக் கூசாத கண்ணு இதுக்குக் கூசுமோ வேய்?" என்றார் முதலாளி மாதேவன் பிள்ளை.

"அது வெறும் ஆட்டம், முதலாளி. ஏசு எங்களுக்கும் ஈசா நபியாக்கும். நபிக்கு ஒருத்தன் வேசம் கட்டுன மொகத்த நான் பாக்கமாட்டேன். திரும்பி நின்னு சொல்லுகேன்."

"கத தப்பிச்சுன்னா நாளைக்கு வராண்டாம்."

அசனார் திரைக்கு முதுகு காட்டி நின்றார். சனங்களின் சத்தமே அவருக்கு வழிகாட்டியது. ஏசுவையும் சாமியாகக் கண்டவர்கள் தேங்காய் உடைத்ததும், அவர் திரையில் வந்துவிட்டார் என்று அறிந்தார். பிறகு திடீரென்று விசில். யூதாஸ் ஏசுவை முத்தமிடுகிறான் என்று ஊகித்துக்கொண்டார்.

"விசிலடிக்காதீங்க மக்கா," என்றார். "இது ஆசை முத்தமில்ல. ஆளக் காட்டிக்குடுக்குத முத்தம்."

கூடாரம் அடங்கிப்போனது. அந்த அமைதியில் படம் எங்கே போகிறதென்று அசனாருக்குத் தெரியவில்லை.

"சொல்லும் வேய்," என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

ஒருமுறை திரும்பிப் பார்த்தால் வேலை நிலைக்கும். அவர் திரும்பவில்லை, கடைசிவரை பேசவுமில்லை.

படம் முடிந்ததும் உபதேசியார் கண்ணைத் துடைத்தபடி முதலாளியிடம் வந்து, இப்படி ஒரு பக்தியான அமைதியைத் தன் கோவிலிலும் கண்டதில்லை என்றார். மறுநாளிலிருந்து யூதாஸின் முத்தம் முடிந்ததும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லி அசனாருக்கு முதலாளியே உத்தரவிட்டார்.