அண்ட் சன்ஸ் கம்பெனியை நடத்திய எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வருகிறது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தென் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே), ரயில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போகும் ஒரு சிறிய ஊரில் அக்கா பிறந்தார். அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, டர்பனில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, பிறகு இந்த ஊருக்கு வந்து கம்பளியும் எனாமல் பாத்திரமும் விற்கக் கடை போட்டவர். வெள்ளைக்காரர் தெருவில் இந்தியருக்கு இடம் கொடுக்க மாட்டார்கள்; அதனால் கடை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். கல்யாணமான மறு மாதமே தம் பெயரோடு 'அண்ட் சன்ஸ்' என்று சேர்த்துப் பெரிய போர்டு எழுதி மாட்டிவிட்டார். அதன்பின் அக்கா பிறந்தார். பிறகு சின்னக்கா. பிறகு நான். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் அம்மா, "அந்தப் போர்டை மாத்திடுங்களேன்" என்பாராம். "நல்ல பெயிண்ட்டு, அழிக்க மனசு வரலே" என்பாராம் அப்பா.

அப்பாவுக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத வராது. பதினைந்து வயதிலிருந்து கம்பெனிக் கடிதங்களை அக்காவே எழுதினார். துறைமுகத்து மொத்த வியாபாரிகள் "அன்புள்ள ஐயா" என்று எழுதுவார்கள். அக்காவும் ஐயாவாகவே பதில் போடுவார். பூச்சி அரித்த சரக்கு வந்தால் கடிதம் மூன்று பக்கம் போகும். ஒருமுறை, "தாங்கள் அனுப்பியது கம்பளி அல்ல, மீன் வலை. எங்கள் ஊரில் ஆறு இல்லை" என்று எழுதினார்.

அப்பா திடீரென்று காலமானபோது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. துக்கம் விசாரித்து எழுதிய மொத்த வியாபாரி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: எங்கள் பிரதிநிதி அடுத்த மாதம் வருகிறார்; மகன்களை நேரில் பார்த்த பிறகே கம்பளி ஏஜென்சி பற்றி முடிவு. ஏஜென்சி போனால் கடை போய்விடும். கடை போனால் அம்மாவும் நாங்கள் மூவரும் போவதற்கு இடமில்லை.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, புலவாயோ நகரத்திலிருந்து ஓடி வந்தார்.

"நான் இருக்கேன்ல? நான்தான் மகன்னு சொல்லிடுவோம்."

"அப்பாவை விட உங்களுக்குத்தான் மாமா அதிகம் நரைச்சிருக்கு," என்றார் அக்கா.

"தொப்பி போட்டுக்கிறேன்."

வேறு வழி தெரியாமல் அக்காவும் சம்மதித்தார். பிரதிநிதி வந்த அன்று மாமா தொப்பியோடு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் "எஸ் சார்" மட்டுமே.

"போன குளிருக்கு எத்தனை கட்டுக் கம்பளி விற்றீர்கள்?"

"எஸ் சார்."

"எந்த நிறம் அதிகம் போகிறது?"

"எஸ் சார்."

கவுண்டருக்குப் பின்னால் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நல்ல ஆங்கிலத்தில், "நாற்பது கட்டு. சிவப்புக் கோடு போட்டதுதான் போகும். பச்சை வேண்டாம் என்று மூன்று முறை எழுதியும் பச்சைதான் அனுப்புகிறீர்கள்," என்றார்.

பிரதிநிதி மெதுவாகத் திரும்பினார். "மீன் வலை?" என்று கேட்டார்.

"நான்தான்."

பக்கத்தில் நின்ற என் கையை அக்கா பிடித்திருந்த பிடியில் விரல்கள் வலித்தன.

"அந்தக் கடிதத்தை எங்கள் ஆபீஸில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம், அம்மணி. எழுதியவரோடு கைகுலுக்கத்தான் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தேன்."

"எஸ் சார்," என்றார் மாமா.

ஏஜென்சி நிலைத்தது. அதன் பிறகும் கடிதங்கள் "அன்புள்ள ஐயா" என்றே வந்தன. அக்கா திருத்தவில்லை. "ஐயான்னா சரக்கு சீக்கிரம் வருது," என்பார். அந்தக் கடையை வைத்தே சின்னக்காவையும் என்னையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார். அவருக்கும் இரண்டு வரன்கள் வந்தன. இருவருமே கடையை யார் பெயருக்கு மாற்றுவீர்கள் என்று முதலில் கேட்டார்கள். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகன் எங்களை நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு அழைத்துக்கொண்டான். லின்ஃபீல்டில் வீடு. பக்கத்துப் பேட்டையான த்ரீ கிங்ஸின் கடைகளில் அக்கா போர்வைகளைப் பிரித்து நூலை இழுத்துப் பார்ப்பார். "இது கம்பளியே இல்லே, பிளாஸ்டிக்கு," என்று தமிழில் உரக்கச் சொல்வார். விற்கும் பெண்ணுக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் மாறும்.

கடைசி மாதம் மருத்துவமனையில் கழிந்தது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துத் தங்கச்சி தினமும் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார்.

"சொதியிலே உப்பு கம்மிம்மா. எப்படி வைக்கணும்னு எழுதித் தரட்டுமா?"

"ஓம் அக்கா, எழுதித் தாங்கோ. சும்மா கதைச்சா நான் மறந்துபோடுவன்."

ஒரு பக்கம் எழுதினார். ஒரு வரிகூடக் கோணவில்லை. நான்காம் நாள் தூக்கத்திலேயே பிரிந்தார்.

அந்தத் தங்கச்சிக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த நர்சுகளுக்கும், சடங்குகளுக்கு உதவிய அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவர் மீதி இருக்கிறார். இறுதிச் சடங்கன்று பஸ் டிரைவர் உடையில் ஒருவர் கடைசி வரிசையில் நின்றார். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. நான் போய் விசாரித்தேன்.

"வாரம் இரண்டு நாள் என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருவார். ஹில்ஸ்பரோ நிறுத்தம் வரும்வரை, 'உனக்கு ஓட்டத் தெரியவில்லை' என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வருவார். ஒரு மாதமாகக் காணவில்லையே என்று விசாரித்தேன்," என்றார். கண் சிவந்திருந்தது.

அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். தமிழில் வரும் இந்த நினைவு மலரைக் கொடுத்தாலும் அவரால் படிக்க முடியாது. அந்தப் பஸ்ஸில் போகிறவர்கள் யாராவது எங்கள் நன்றியை அவரிடம் சொல்லிவிடுங்கள். பிரேக்கையும் கொஞ்சம் மெதுவாகப் போடச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை