முனியாண்டி தள்ளி இருந்தார்

என் மனைவிக்கு இருதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது தொண்ணூறுகளின் கடைசியில். நாங்கள் இலங்கையில் தலவாக்கலைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். கால் வீங்கி, மூச்சு வாங்கி, தோட்டத்து லொறியில்தான் அவளைக் கொண்டுபோனேன். ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் காலையில் போட ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் சிறுநீர் நிறையப் போகும். போனால்தான் மூச்சு சீராக இருக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் அதே வார்டு, அதே வீக்கம்.

"மாத்திர போட்டியா இல்லையா?" என்று கேட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போட்டா சும்மா சும்மா கக்கூசுக்குப் போகணும். எறங்கிருவேங்க. ஏறி வரத்தான் முடியல. நீங்களும் வேலைக்குப் போயிருவீங்க, யாரக் கூப்புடுறது?"

லயத்துக்குப் பொதுவான கக்கூசு கீழே பள்ளத்தில் இருந்தது. பிள்ளைகள் இருவரும் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். பகலெல்லாம் அவள் தனி. மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, போட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சமதரை என்று கொஞ்சம்தான் உண்டு. அதில் முனியாண்டி இருந்தார். என் அப்பா நட்ட கல். வெள்ளிக்கிழமை தவறாமல் நான் விளக்கு வைத்த இடம். சில நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு தலை முழுகி, தேங்காய் உடைத்து, "ஐயா, அவளால நடக்க முடியல. நீங்க கொஞ்சம் தள்ளி இருங்க" என்று சொல்லிக் கல்லைக் கிளப்பினேன். முன்பக்கம் பேரிக்காய் மரத்தடியில் வைத்தேன்.

குழி வெட்ட ஒருவரும் உதவிக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் நின்று சொன்னாள்: "சாமியக் கெளப்பிட்டு அந்த எடத்துல கக்கூசு கட்டுற மனுசன இன்னைக்குத்தான் பாக்குறேன். வெளங்குமா அண்ணே?"

என் மனைவி வீடு திரும்பியதும், நான் தகரம் அடைத்துக் கட்டியிருந்த கக்கூசைச் சுற்றிப் பார்த்தாள். "எனக்குன்னு அரமனையே கட்டிப்புட்டீங்க!" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு மாத்திரை தவறவில்லை. மாரியம்மன் தேர் வந்தபோது வாசலில் நின்று கும்பிட்டாள்.

அடுத்த குளிரில் மாத்திரை போட்டும் நீர் இறங்கவில்லை. இருதயம் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். மூன்றாம் தடவை போனவள் வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

முனியாண்டி சும்மா விடுவாரா என்று இழவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். பிறகு என் வாசலுக்கு ஆள் வருவது குறைந்தது. அவர்தான் எடுத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. தள்ளி இருக்கச் சொன்னேன், இருந்தார். இடம் கொடுத்தவர் ஆளை ஏன் எடுக்கப்போகிறார்? இப்போதும் வெள்ளிக்கிழமை அவருக்கு விளக்கு வைக்கிறேன்.

அடுத்த மழையில் ஒரு காலை, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, கீழ ஒரே வழுக்கலா கெடக்கு. ஒங்க கக்கூசு தொறந்திருக்கா?"

"தொறந்துதாம்மா இருக்கு. முனியாண்டி முன்பக்கம் இருக்காரு, பயப்படாமப் போ."

தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கேட்டால் என் மனைவி எப்படிச் சிரிப்பாள் என்று, சொல்வதற்காக உள்ளே போனேன். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது.