ஒயரும் மனைவியின் லேப்டாப்பும்

ஆபீசில் அவருக்கு ஒயர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நாலு மாடிக் கட்டடத்தில் எந்த மேசையில் நெட் போனாலும் "ஒயரைக் கூப்பிடு" என்பார்கள். கெட்டிக்காரர்தான், அதில் பொய்யில்லை. ஆனால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மனைவியின் லேப்டாப்பில், அவளைக் கேட்காமலே, போன வாரம் பழைய இயங்குதளத்தை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டார். வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்ட கதைதான். குழந்தைக்காக வேலையை விட்டிருந்தவள் அவள். பல வருஷம் கழித்து முதல் நேர்காணல், இன்று பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே அந்த லேப்டாப்பில். கணக்கு டீச்சர் வேலை. திரையில் எழுதிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

"நீ தலைவாரிட்டு வா, நான் எல்லாத்தையும் ரெடி பண்ணி வைக்கிறேன்" என்று உட்கார்ந்தார். வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். மறுபடி கேட்டது. மறுபடி அடித்தார். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் கெட்டாலும் லினக்ஸ் இப்படித்தான் உயிரை வாங்கும், அவர் பார்க்காததா! கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து டிரைவரை வேரோடு பிடுங்கினார். புதிதாகப் போடப் போனபோதுதான் சிக்கல் புரிந்தது. டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும். அட கடவுளே!

அவள் தலைவாரிக்கொண்டே வந்தாள். "ஆச்சாங்க?"

"இதோ... ஆயிடும்."

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"பாஸ்வேர்டை ஏத்துக்கவே மாட்டேங்குது."

"புதுசைத்தானே போட்டீங்க?"

"எது புதுசு?"

"நேத்துதானே மாத்தினேன்! பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம நெட்லயே படம் பாக்கறாங்கன்னு சாப்பிடறப்போ சொன்னேனே. நீங்ககூட ம்ம்னு தலையாட்டினீங்களே?"

டிரைவரைப் பிடுங்கிவிட்ட கதையை அவர் சொன்னார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. "போச்சு. எல்லாம் போச்சு."

அவர் தன் போனைக் கேபிளில் லேப்டாப்போடு மாட்டினார். பாழாய்ப்போன கேபிள், சார்ஜ் மட்டும் ஏறியது. இழுப்பறையைக் கவிழ்த்து இன்னொன்றைத் தேடி மாட்டினார். போனில் இருந்த நெட் லேப்டாப்புக்கு வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவரை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

கதவுக்கு வெளியே அவர் நின்றார். உள்ளே யாரோ தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள்.

"மன்னிக்கணும் சார், நெட் பிரச்சினை. நல்லவேளை, எங்க வீட்டுக்காரர் இந்த வேலையிலதான் இருக்கார். அவர் சரி பண்ணிக் கொடுத்தார்."

நாலு அறை அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பார் மனுஷர். அவமானத்தில் உடம்பே கூசியது. உள்ளே அவள் பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவள் சொன்ன ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டார்.