மெதுவாகச் சொன்ன கோல் செல்லாது

நான் ஆடிய ஹாக்கியில் யாரும் ஓடியதில்லை. வியர்த்தது மட்டும் உண்டு, அறையில் காற்றாடி ஒன்றுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அண்ணன் வீட்டில், ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பச்சைச் சாயம் அடித்த பலகை ஒன்றைப் போடுவோம். அதுதான் திடல். பாட்டில் மூடிகள்தாம் ஆட்டக்காரர்கள். பந்து ஒரு கொண்டைக்கடலை. ஆட்டத்தின் நடுவில் யாராவது பந்தைத் தின்றுவிட்டால், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அண்ணனின் மனைவியிடம் வேறொன்று கேட்டு வாங்குவோம்.

நான்கு பேர், நான்கு அணிகள். ரயிலில் கார்டாக இருந்த வீட்டுக்கார அண்ணனுக்கு பிரிக்பீல்ட்ஸ் அணி. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவருக்கு அந்த ஊர். செலாயாங் பாசாரில் காய்கறி மொத்த வியாபாரம் செய்தவருக்கு செலாயாங். எனக்குக் காப்பார். நான் பிறந்த ஊர் என்பதைத் தவிர அந்த அணிக்கு வேறு சிறப்பு கிடையாது. மூடிகளிலும் நெளிந்தவையே என் பங்குக்கு வந்தன. நல்லதாகக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பகடையை உருட்டுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். ‘பாஸ்’ என்று சொன்னால், ஒன்றைத் தவிர எது விழுந்தாலும் பந்து முன்னால் நகரும். ‘ஷூட்’ என்றால் கோலுக்கு அடிப்பது. தூரத்திலிருந்து அடித்தால் ஆறு விழ வேண்டும். பாஸ் போட்டுப் போட்டு வட்டத்துக்குள் போய் அடித்தால் நான்கே போதும். ஆனால் சொன்னது எதிராளியின் காதில் விழாவிட்டால் உருட்டியது செல்லாது.

என்னைப் பார்த்துத்தான் இந்த விதியைச் செய்திருப்பார்களோ என்று நினைப்பேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்ட நான், ஸ்பேர்பார்ட்ஸ் கடையின் பின்னறையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அதில் நிலைத்தேன். பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும் இடத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிறவன் நான். அப்படிப்பட்டவன் மூன்று பேர் முன்னால் ‘ஷூட்’ என்று கத்த வேண்டும். பகடை சில நேரம் எனக்கு நல்லதே செய்யும்.

“கேக்கல லா தம்பி, செல்லாது!” என்பார் லோரிக்காரர், காதைக் குடைந்துகொண்டே. “ஏதோ கொசு கத்துச்சு. அது மட்டும்தான் கேட்டுச்சு.”

முதல் இரண்டு சீசனிலும் காப்பார் கடைசி.

மூன்றாவது சீசன் தொடங்கும்போது கார்டு அண்ணன் தமக்குக் கிள்ளானுக்கு மாற்றல் என்றார். அங்கே அவர் மச்சான் வீட்டிலும் இதே ஆட்டம் நடக்கிறதாம். “என்னைத் தவிர இன்னும் ஒருத்தருக்குத்தான் அங்க எடம். உங்க மூணு பேர்ல யாரு மேல வர்றீங்களோ அவுங்க வாங்க,” என்றார்.

மற்ற இருவருக்கும் அது வெறும் வீம்பு. லோரிக்காரருக்கு ஊரெல்லாம் கூட்டாளிகள். பாசார்காரருக்குப் பெரிய குடும்பம். எனக்கோ, வாரத்தில் ஒரு நாள் ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் முறை வந்துவிட்டது என்று சொல்லும் இடம் அது ஒன்றுதான். அது போனால் ஞாயிறு முழுக்க வாடகை அறையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதை எப்படிச் சொல்வது? “ஓகே அண்ணே,” என்றேன்.

அந்த சீசனில் காப்பார் ஜெயிக்க ஆரம்பித்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ‘ஷூட்’ என்றால் எல்லோரும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். ‘பாஸ்’ என்றால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு பாஸுக்காக யார் சண்டை போடப்போகிறார்கள்? கத்த வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போட, நான் முனகலாகப் பாஸ் மேல் பாஸ் போட்டுக்கொண்டே இருந்தேன். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுப் பார்த்தால் கடலை வட்டத்துக்குள் நிற்கும். அதற்குள் எதிராளி கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். “கேட்டுச்சு, கேட்டுச்சு, உருட்டித் தொலை,” என்பார். லோரிக்காரரோ நடுத்திடலிலிருந்தே எழுந்து நின்று “ஷூட்!” என்று முழங்குவார். ஆறு எத்தனை தடவை விழும்?

“தம்பி பேசாம இருந்துக்கிட்டே உள்ளுக்குள்ள பெரிய பிளான் போடுறாப்ல,” என்றார் பாசார்காரர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இறுதி ஆட்டம் எனக்கும் லோரிக்காரருக்கும். சமநிலையில் முடிந்தது. இனி பெனால்டி, ஆளுக்கொரு முறை மாறி மாறி; முதலில் கோல் போடுகிறவருக்கு ஆட்டம். நான்குக்கு மேல் விழுந்தால் கோல், நான்கும் சேர்த்திதான். பெனால்டியில் கேட்டது கேட்கவில்லை என்ற தகராறு வரக்கூடாது என்று அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பின்னால் அடுப்படியில் இருக்கும் அக்காவுக்குக் கேட்க வேண்டும். அவர் “கேட்டுச்சு” என்று பதில் கொடுத்தால்தான் உருட்டலாம்.

அக்கா அன்று வடை சுட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சத்தம் எனக்கே கேட்டது.

“பெனால்டி,” என்றேன். பதில் இல்லை. பதற்றத்தில் உருட்டியும் விட்டேன். ஆறு.

“அக்கா ஒண்ணும் சொல்லல. செல்லாது!” லோரிக்காரருக்கு முகமெல்லாம் பல். அவர் முறை வந்ததும் ஊருக்கே கேட்கக் கத்தினார். அக்காவின் “கேட்டுச்சு” உடனே வந்தது. பகடையில் ஒன்று.

மறுபடியும் என் முறை. கார்டு அண்ணன் என்னைப் பார்த்தார். “சொல்லு தம்பி. இல்லாட்டி அடுத்த மாசத்திலேருந்து இவரோட தொண்டைய நான் கிள்ளான்லயும் கேக்கணும்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கூரை என் கண்முன் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, “பெனால்டி!” என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அக்கா சாரணிக் கரண்டியோடு ஓடி வந்தார்.

“என்னா தம்பி, பூரான் கடிச்சிருச்சா?”

“கேட்டுச்சாக்கா?” என்றேன், பகடையைக் கையில் பிடித்தபடி.

“பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்டுச்சு!”

உருட்டினேன். நான்கு.

லோரிக்காரர் என் முதுகில் ஒன்று வைத்தார். இரண்டு நாள் வலித்தது. காப்பார் சாம்பியன். சீசனின் மாவீரன் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, வழக்கம்போல் பஸ் மணியை அடிக்கவில்லை.

அடுத்த மாதம் கிள்ளானுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வாசலில் தெரியாத செருப்புகள், உள்ளே தெரியாத சிரிப்புகள். கேட்டைத் தொட்டேன், கையை எடுத்துவிட்டேன். யாரையோ தேடுகிறவன்போல அந்தத் தெருவின் கடைசி வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். பெரும்பாடு பட்டு ஜெயித்த நாற்காலி பத்தடி தூரத்தில் இருந்தது, நானோ எதிர்வீட்டு ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் குப்பை கொட்ட வெளியே வந்த அக்காதான் பார்த்தார். “இங்க என்னா பண்ற? உள்ள ஒன்னயத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க, வா!”

போனேன். அன்று ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றேன். சாயங்காலம் கிளம்பும்போது, முன்பின் தெரியாத ஒருவர் என் பெயரைச் சொல்லி, அடுத்த ஞாயிறும் வருவேனா என்று கேட்டார்.