விழுந்தவனைத் தாண்டிப் போகாத பதினோரு பேர்

கால்பந்து மேனேஜருக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பது பந்தாக இருப்பதைவிடச் சற்றுக் கேவலமான பிழைப்பு. பந்துக்காவது அவ்வப்போது காற்றடிப்பார்கள். மேலதிகாரி ஒரு மொழியிலும் வேலையாட்கள் இன்னொரு மொழியிலும் பேச, நடுவில் நின்று இரண்டு பக்கமும் முறைப்பு வாங்கியவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லூரியில் நான் ஆங்கிலக் கவிதை படித்தேன். அந்தப் படிப்புக்கு ராயபுரத்தில் கிடைத்தது ஒரு கயிறு ஆலையில் டைப்பிஸ்ட் வேலை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் எங்கள் ஆலையின் வெள்ளைக்காரப் பெரிய துரை ஊருக்குப் போவதாக இல்லை. அவர்தான் ஆலையின் கால்பந்து அணிக்குக் கப்பலில் ஒரு மேனேஜரை வரவழைத்தார். வந்தவர் பேசிய ஆங்கிலம் யாருக்கும் விளங்காததால் என்னையும் மைதானத்துக்கு அனுப்பினார்.

பெட்டியில் இடமில்லை

வந்தவர் பெயர் டன்மோர், ஸ்காட்லாந்துக்காரர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மூக்கு எப்போதோ உடைந்து தன் இஷ்டத்துக்குக் கூடியிருந்தது. அவருடைய தகரப் பெட்டி முழுக்கக் கப்பல் கம்பெனிகளின் காகிதங்கள் ஒட்டியிருந்தன: எகிப்து, துருக்கி, பெரு. நான் வாயைப் பிளந்து, "எத்தனை தேசங்கள் பார்த்திருக்கிறீர்கள்!" என்றேன். ஒவ்வொன்றும் அவர் தோற்று வேலையை இழந்த ஊர் என்று நிதானமாக விளக்கினார்.

கிளப்பில் பெரிய துரை யாரிடமோ வீறாப்பாகப் பேசிவிட்டிருந்தார். அதனால் டன்மோருக்கு அவர் போட்ட நிபந்தனை சுருக்கமானது: இந்த வருஷக் கால்பந்துப் போட்டியின் ஷீல்டு ஆலைக்கு வர வேண்டும், வராவிட்டால் அடுத்த கப்பல். ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மழை இருக்கிறது என்றார். பிறகு பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனி ஒட்ட இடமில்லை மிஸ், அதனால் இங்கே ஜெயித்தாக வேண்டும்."

வருத்தத்தின் நீளம்

முதல் நாள் பயிற்சி திருவொற்றியூர்க் கடலோரப் பொட்டலில். பதினோரு பேரும் ஆலைத் தொழிலாளர்கள். ஆனால் எல்லோருமே காசிமேட்டுக் குப்பத்துப் பிள்ளைகள். அப்பனும் அண்ணனும் கட்டுமரத்தில் போகிறவர்கள். கேப்டன் ஏகாம்பரம் சுலபமான ஒரு பந்தைக் கோட்டைவிட்டான். டன்மோர் வாயைத் திறந்தார். வந்த வசவில் எதுகை இருந்தது, சந்தம்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதில் ஏகாம்பரத்தின் தாயாரும் ஓர் ஆடும் இருந்தார்கள். முடிந்ததும் பதினோரு ஜோடிக் கண்களும் என்னைப் பார்த்தன.

"துரை வருத்தப்படுகிறார்" என்றேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் நீளமாக, குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டார். "மிகவும் வருத்தப்படுகிறார்" என்றேன். ஏகாம்பரம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்: "இன்னா டைப்பம்மா, அவரு இம்மாம் நேரமா கத்தறாரு, நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டே, மீதிய வூட்டுக்கு எடுத்துகினு போறியா?"

கல்யாண பூட்ஸ்

பெரிய துரையிடம் மன்றாடி எல்லோருக்கும் பூட்ஸ் வாங்கினார் டன்மோர். மறுநாள் அத்தனை பேரும் பூட்ஸோடுதான் வந்தார்கள். கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வேலியோரம் வரிசையாகக் கழற்றி வைத்து, மேலே துண்டு போட்டு மூடிவிட்டு வெறுங்காலோடு ஆட இறங்கினார்கள். துரை வருத்தப்பட்டார். அந்த வருத்தத்துக்கு வேலியில் இருந்த காக்கைகள்கூடப் பறந்துபோயின.

அந்த வாரமே கோல்கீப்பர் மாசிலாமணிக்குக் கல்யாணம். டன்மோரை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு மேளதாளத்தோடு வந்தது. பட்டு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், காலில் கண்ணாடி போல் மின்னும் பூட்ஸ். டன்மோர் எழுந்தே விட்டார். இதை மைதானத்தில் போட உனக்கு என்ன கேடு என்று கேட்கச் சொன்னார், கேட்டேன். மாப்பிள்ளை பொறுமையாகப் பதில் சொன்னான்: "இத்தப் போட்டுகினு பந்த ஒதச்சா பூட்ஸு பாழாப்பூடாது? பந்துக்கு வெறுங்காலே ஜாஸ்தி தொரே."

நிலத்தில் விழுந்தவன்

ஓர் ஆட்டம். ஏகாம்பரத்தின் முன்னால் கோல் திறந்து கிடந்தது. பின்னாலேயே ஓடிவந்த எதிரணிக்காரன் தன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஏகாம்பரம் பந்தை விட்டுவிட்டுத் திரும்பினான். நம் ஆட்கள் அத்தனை பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டு ஒருவன் காலை நீவ, ஒருவன் தலையைத் தாங்கினான். விழுந்தவனுடைய சொந்த அணிக்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கைக்கு வந்த ஆட்டம் சமனில் முடிந்தது. டன்மோர் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டு மிதித்தார்.

விளக்க வேண்டியவள் நான்தானே. கடலில் ஒருவன் விழுந்தால், அவன் எந்தக் குப்பம், பகையாளியா பங்காளியா என்று பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் வலையை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். போகாதவனுடைய கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ள மறுநாள் ஒரு கையும் வராது. இதைச் சொன்னேன். இது புல்தரை என்றார் டன்மோர். மறுநாள் முதல் ஒருவனைப் படுக்க வைத்து மற்றவர்களைத் தாண்டி ஓடப் பழக்கினார். எழவு வீட்டைப் பார்த்தும் உள்ளே போகாதவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினார்கள். தாண்டித் தாண்டியே இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். இறுதிக்குத் தேறிய அன்று மாலை மாசிலாமணி மட்டும் என் பக்கத்தில் வந்து முணுமுணுத்தான்: "தாண்டிப் போறத எங்க ஆத்தா கைல சொல்லிடாத டைப்பம்மா, அப்பால சோறு போடாது."

கம்பளிக் கோட்டு

இறுதி ஆட்டத்துக்கு டன்மோர் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். இளமையில் அவர் ஜெயித்த ஒரே கோப்பையின்போது போட்டிருந்ததாம். அங்கே பனி பெய்திருக்கும். இங்கே கத்திரி வெயில். கழற்றுங்கள் என்றேன், கேட்கவில்லை. மைதானத்தின் எல்லைக் கோட்டோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் முகம் பீட்ரூட் நிறமாகி, பிறகு சாம்பல் நிறமாகி, அந்தக் கம்பளிக்குள்ளேயே மடிந்து விழுந்தார்.

"ஆளு வுழுந்துட்டான்!" ஏகாம்பரத்தின் குரல், அலைக்கு மேலே கேட்பதற்கென்று உண்டான குரல். பதினோரு பேரும் ஓடி வந்தார்கள், கோலை அம்போவென்று விட்டுவிட்டு மாசிலாமணியும்தான். கோட்டைக் கழற்றினார்கள், சட்டையால் விசிறினார்கள். அங்கே எதிரணி முன்னாட்டக்காரன் ஒருவன் தலையைக் குனிந்து பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டு, யாருமில்லாத மைதானத்தில் வளைந்து நெளிந்து ஓடிப் பந்தை உள்ளே அடித்தான். நிமிர்ந்து பார்த்தான், ஒருவரும் இல்லை. பாவம், பயந்துபோனான். ரெஃப்ரி சட்டம் தெரிந்தவர். விழுந்தவர் எல்லைக் கோட்டுக்கு வெளியேதானே விழுந்தார்? கோல் என்று விசில் ஊதினார். டன்மோர் கண்ணைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை, ஸ்கோர் என்ன என்பது. இதற்கு என் உதவி தேவைப்படவில்லை. அவர் தலையை மடியில் வைத்திருந்த மாசிலாமணியே சொன்னான்: "தோத்துட்டோம் நைனா, நீ மொதல்ல தண்ணி குடி."

பெரிய துரையின் விசாரணை

மறுநாள் பெரிய துரை கேப்டனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நடுவில் நான். ஷீல்டு பெரிதா, கிழவன் மயங்கி விழுந்தது பெரிதா என்று மேஜையைக் குத்திக் கேட்டார். மேஜையின் குத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தேன். ஏகாம்பரம் அவருடைய தொப்பையை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னான்: "நீ வுழுந்தாலும் தூக்குவோம் தொரே, பயப்படாதே."

துறைமுகத்தில்

சொன்ன சொல்லைப் பெரிய துரை காப்பாற்றினார். அடுத்த கப்பலிலேயே டன்மோருக்குச் சீட்டு. பெட்டியின் பூட்டு உடைந்திருந்ததால் எங்கள் ஆலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எகிப்தும் பெருவும் கயிற்றுக்கு அடியில் மறைந்துவிட்டன. வழியனுப்பப் பதினோரு பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். முதல் முறையாக, ஒருவன் பாக்கியில்லாமல், எல்லோர் காலிலும் பூட்ஸ்.

டன்மோர் அந்தக் கால்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அதே சந்தம், அதே தாயார், அதே ஆடு. பாதியில் குரல் உடைந்து எதுகை தவறியது. கண்களைத் துடைத்துக்கொண்டு மீதியையும் திட்டி முடித்தார். நான் தொண்டையைச் செருமினேன். ஏகாம்பரம் கையை உயர்த்தி என்னைத் தடுத்தான்: "நீ கம்முனு இரு டைப்பம்மா, தொர வருத்தப்படறாரு, எங்களுக்கே தெரியுது."

மறுநாள் காலை நான் டைப்ரைட்டருக்கே திரும்பினேன், நண்பர்களே. அது நாள் முழுக்கக் கத்தியது, ஆனால் என்ன சொல்கிறது என்று என்னை யாரும் கேட்கவில்லை.